பூட்டனியர் யாருக்கு, கோர்சாஜ் யாருக்கு?

கேள்வி இதுதான்: மகனுக்கு நியூ ஜெர்சியில், அமெரிக்கப் பெண்ணுடன் சர்ச் கல்யாணம். பெண்ணின் அம்மா பூக்கடைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார். "உங்கள் பக்கம் யார் யாருக்கு பூட்டனியர், யார் யாருக்கு கோர்சாஜ் என்று பெயர் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று பெரிய கூட்டமே வருகிறது. எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா? பட்டுப்புடவையில் கோர்சாஜ் குத்தலாமா? பணம் யார் கொடுப்பது?

நான் அங்கே பூக்கடையில் கல்யாணப் பூ வேலை பார்த்தவள். இந்தப் பட்டியல் விஷயத்தில் வீடுகளுக்குள் நடக்கும் மனஸ்தாபங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இது எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பூட்டனியர் என்பது ஆண்கள் கோட்டின் இடது பக்க மடிப்பில் குத்திக்கொள்ளும் ஒற்றைப் பூ, அல்லது இரண்டு மூன்று சின்னப் பூக்கள். நேருவின் ரோஜாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். பிரிட்டனில் இதை பட்டன்ஹோல் என்பார்கள். கோர்சாஜ் பெண்களுக்கு. கொஞ்சம் பெரிய பூங்கொத்து, தோளருகே குத்திக்கொள்வது அல்லது மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. இரண்டுமே அலங்காரம்தான், ஆனால் அலங்காரம் மட்டுமல்ல. "இவர்தான் மாப்பிள்ளையின் அப்பா, இவர் பெண்ணின் பாட்டி, இந்தப் பையன் நம்மை உட்கார வைக்கிறவன்" என்று, யாரையும் தெரியாத விருந்தாளிக்குக் காட்டும் அடையாளம் அது. ஆகவே குடும்பத்தில் மிக நெருங்கியவர்களுக்கும், சடங்கில் ஏதாவது ஒரு வேலை இருக்கிறவர்களுக்கும்தான் பூ. வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் கொடுத்து வரவேற்கிற நம் வழக்கத்தோடு இதைச் சேர்த்துவிட்டால்தான் குழப்பம் வரும். அந்த வரவேற்பு எல்லோருக்கும் பொது. இது சிலருக்கு மட்டும். எல்லோரும் குத்திக்கொண்டால் அடையாளமே இல்லாமல் போய்விடும்.

சரி, ஆண்கள் பக்கம். மாப்பிள்ளைக்குக் கட்டாயம் உண்டு. அவருடைய பூ மற்றவர்களுடையதிலிருந்து கொஞ்சமாவது வேறுபட்டிருக்க வேண்டும். பெண்ணின் பொக்கேயில் இருக்கும் முக்கியமான பூவிலிருந்து ஒன்றை மாப்பிள்ளைக்கு வைப்பது வழக்கம். தோழர்களுக்கு வேறு பூவோ வேறு நிறமோ வைப்பார்கள். பிறகு பெஸ்ட் மேன், மற்ற மாப்பிள்ளைத் தோழர்கள், விருந்தாளிகளை இருக்கைக்கு அழைத்துப் போகும் அஷர்கள், மோதிரம் கொண்டுவரும் சிறுவன், இரண்டு பக்கத்து அப்பாக்கள், இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள். இது வரைக்கும் யாரும் விவாதிக்க மாட்டார்கள்.

பெண்கள் பக்கம் இரண்டு அம்மாக்கள், உயிரோடிருக்கும் எல்லாப் பாட்டிகளும். மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்கும் கோர்சாஜ் கிடையாது, ஏனென்றால் அவர்கள் கையில் பொக்கே இருக்கிறது. பூ தூவி வரும் சிறுமிக்குக் கூடை இருக்கிறது. பெண்ணின் அம்மா அனுப்பிய பட்டியலில் தோழிகளுக்கு கோர்சாஜ் இல்லையே, விட்டுப்போய்விட்டதோ என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

இனி நடுவில் நிற்பவர்கள். சடங்கில் வேதாகமம் வாசிப்பவர், பாடுபவர் ஆகியோருக்குக் கொடுப்பது நல்ல மரியாதை, கொடுக்காவிட்டாலும் தப்பில்லை. கல்யாணத்தை நடத்தி வைக்கிற பாதிரியார் அங்கி அணிந்திருந்தால் பூ வேண்டாம், அங்கியின் மேல் குத்துவது பொருத்தமில்லை. அங்கி இல்லாமல் சாதாரண கோட்டில் நின்று நடத்தி வைப்பவராக இருந்தால் ஒன்று கொடுக்கலாம். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ராணுவச் சீருடையில் நிற்கும் தோழன் யாராவது இருந்தால் அவருக்கும் வேண்டாம். அமெரிக்கச் சீருடையின் மேல் பூ குத்துவதில்லை. போட்டோக்காரர், இசைக் குழுவினர், பரிமாறுபவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

மாப்பிள்ளையின் பக்கம் நிற்கிற தோழர்களில் ஒரு பெண் இருந்தால் என்ன செய்வது என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். கோட் போட்டிருந்தால் பூட்டனியர், கவுன் என்றால் மணிக்கட்டு கோர்சாஜ் அல்லது சின்னப் பொக்கே. பெண்ணின் பக்கம் நிற்கும் ஆணுக்கு பூட்டனியர். இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல் வருவது விவாகரத்தான குடும்பங்களில். அப்பாவின் இரண்டாவது மனைவி, அம்மாவின் இரண்டாவது கணவர். இவர்களுக்கு உண்டா? என் பதில், யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். பல வருடமாக அந்தப் பிள்ளையை வளர்ப்பதில் பங்கெடுத்தவர் முன்வரிசையில் பூ இல்லாமல் உட்கார்ந்திருந்தால், அதைக் கவனிக்காதவர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். பெற்ற தாயின் மனம் நோகும் என்ற பயம் இருந்தால், பெற்ற தாயின் கோர்சாஜ் கொஞ்சம் பெரியதாக, வேறு பூவோடு இருக்கட்டும். உங்கள் சம்பந்தி வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் பக்கத்துப் பெயர்களை அவர்களே எழுதட்டும். நீங்கள் "இவர் யார்?" என்று கேட்காமல் இருப்பதே உத்தமம்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை. அமெரிக்க வழக்கப்படி இவர்களுக்குக் கிடையாது. பெண்ணின் சித்தப்பாவுக்கும் கிடையாது, அவரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் பதினைந்து பெயர் எழுதி அனுப்பினால் பெண்ணின் அம்மா மறுக்கமாட்டார், ஆனால் அவர் பக்கமும் அதே அளவுக்குச் சேர்க்க வேண்டுமோ என்று தவிப்பார். ஆனாலும் ஒருவருக்கு மட்டும் விலக்கு கேளுங்கள் என்பேன், அது தாய்மாமன். இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. அங்கேயும் ஞானப்பெற்றோருக்கும், பிள்ளையை எடுத்து வளர்த்தவருக்கும் பூ கொடுக்கிற பழக்கம் உண்டு. "எங்கள் கல்யாணங்களில் அம்மாவின் சகோதரருக்கு என்று தனி முறை உண்டு, அவருக்கும் ஒன்று வேண்டும்" என்று ஒரே வரி எழுதினால் போதும். மாமாவுக்குக் கொடுத்தால் அத்தை கேட்பாரே என்றால், அது உங்கள் குடும்பத்து அத்தையைப் பொறுத்தது. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

மற்ற பெரியவர்களைக் கௌரவிக்க வேறு இடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய நாள், சர்ச் சடங்கின் ஒத்திகை முடிந்ததும் ஒரு விருந்து நடக்கும். அதைக் கொடுப்பது வழக்கமாக மாப்பிள்ளையின் பெற்றோர். அதாவது அது உங்கள் வீட்டு நிகழ்ச்சி, உங்கள் இஷ்டம். அங்கே எல்லோருக்கும் மாலை போடுங்கள், மல்லிகைப்பூ கொடுங்கள், வெற்றிலை பாக்கு வையுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் குறை தெரியாது, பெண் வீட்டாருக்கும் அது புதிதாக, சந்தோஷமாக இருக்கும்.

பிரிட்டனில் நடக்கிற கல்யாணமாக இருந்தால் பதில் கொஞ்சம் மாறும். அங்கே விருந்தாளியாக வரும் ஆண்களும் சொந்தமாகவே ஒரு பூ வாங்கிக் குத்திக்கொண்டு வருவது பழைய பழக்கம். சில குடும்பங்கள் சர்ச் வாசலில் ஒரு தட்டில் கார்னேஷன் பூக்களை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் உண்டு. அங்கே மாமா சித்தப்பா எல்லோருக்கும் பூ கிடைத்துவிடும், மாப்பிள்ளைக்கு மட்டும் வேறு பூ. அமெரிக்காவில் இப்படிச் செய்தால் விநோதமாகப் பார்ப்பார்கள்.

பணம். பழைய அமெரிக்க முறைப்படி பூட்டனியர்கள், அம்மாக்கள் பாட்டிகளின் கோர்சாஜ், பல இடங்களில் மணப்பெண்ணின் பொக்கேயும்கூட, மாப்பிள்ளை வீட்டார் செலவு. தோழிகளின் பொக்கே, சர்ச் அலங்காரம், மண்டப அலங்காரம் பெண் வீட்டார் செலவு. இப்போது நிறையப் பேர் பையனும் பெண்ணுமே செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் பட்டியலை அனுப்பும்போதே "இந்தப் பூக்களின் செலவு எங்களுடையது" என்று எழுதிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் கேட்காமல் விட்டால், பழைய முறை தெரிந்த பெண்மணியாக இருக்கும் பட்சத்தில், மனதில் வைத்துக்கொள்வார்.

அப்புறம் புடவை. வழக்கமாக அமெரிக்காவில் கோர்சாஜை இடது தோளுக்குக் கீழே, பூ மேல்நோக்கி இருக்கும்படி குத்துவார்கள். பிரிட்டனில் பழைய ஆட்கள் பெண்களுக்கு வலது பக்கம், காம்பு மேலே பூ கீழே என்பார்கள். புடவையில் இடது தோள் என்றால் சரியாக முந்தானை மடிப்பு வரும் இடம். அங்கே ஏற்கெனவே ஒரு பின் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு கனமான பூங்கொத்தைக் குத்தினால் மடிப்பு சரியும், ஜரிகை இழையும் பிரியும். ஈரக் காம்பிலிருந்து பட்டில் கறை படவும் வாய்ப்பு உண்டு. ஆகவே குத்த வேண்டாம், மணிக்கட்டு கோர்சாஜ் என்று கேளுங்கள். எலாஸ்டிக் பட்டையோ ரிப்பனோ வைத்துக் கட்டித் தருவார்கள். ரிப்பனே நல்லது, எலாஸ்டிக் ஒரு மணி நேரத்தில் கையை இறுக்கும். கை குலுக்க வலது கை வேண்டுமென்பதால் இடது கையில் கட்டுவது வழக்கம். அந்தக் கையில் வளையல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல் அடுக்கும் பூவும் ஒன்றோடொன்று உரசினால் கஷ்டம் பூவுக்குத்தான்.

மணிக்கட்டும் பிடிக்கவில்லை என்றால் கைப்பையில் குத்திக்கொள்ளலாம், அல்லது கையில் பிடிக்கும் சின்னப் பூச்செண்டாகக் கேட்கலாம். "நான் தலை நிறைய மல்லிகை வைத்திருக்கிறேனே, கோர்சாஜ் எதற்கு?" என்று மட்டும் மறுக்காதீர்கள். மல்லிகை நமக்குப் போதும். ஆனால் அங்கே மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துக்கொள்ளவில்லை என்றால், பெண் வீட்டார் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். சடங்கு தொடங்கும்போது பாட்டி தாத்தாக்கள், பிறகு மாப்பிள்ளையின் அம்மா, கடைசியாகப் பெண்ணின் அம்மா என்று ஒவ்வொருவராக அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். சர்ச் முழுவதும் உங்களைப் பார்க்கிற நிமிஷம் அது. இரண்டு பூவும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கோட் போட்டால் பிரச்சினையே இல்லை. இடது மடிப்பில் பொத்தான் துளை இருக்கும், பின்னால் காம்பைப் பிடிக்க ஒரு சின்ன நூல் வளையமும் சில கோட்டுகளில் இருக்கும். பல கோட்டுகளில் துளையைத் தைத்தே மூடியிருப்பார்கள், அப்போது பின்தான். மடிப்பின் பின்பக்கத்திலிருந்து குத்தி, காம்பு வழியாக விட்டு, மறுபடி பின்னாலேயே எடுக்க வேண்டும். முன்னால் பின் தெரியக்கூடாது. காம்பு கீழே, பூ மேலே. வேட்டி சட்டையில் வருகிறார் என்றால் பட்டுச் சட்டை பூவின் கனத்தில் தொங்கிவிடும். லேசான ஒற்றைப் பூவாகக் கேளுங்கள், அல்லது பின்னுக்குப் பதிலாகக் காந்தம் வைத்துத் தரச் சொல்லுங்கள். துணியில் ஓட்டை விழாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: தாத்தாக்கள் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் காந்தம் கூடவே கூடாது. பேஸ்மேக்கரையும் பெரும்பாலும் மார்பின் இடது பக்கத்தில்தான் வைப்பார்கள், பூ குத்துகிற அதே இடம். பூக்கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்தப் பூ என்பதைப் பெண் வீட்டார் முடிவு செய்துவிட்டிருப்பார்கள். இருந்தாலும் உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்ல சில விஷயங்கள். கார்டீனியா மணமாக இருக்கும், ஆனால் விரல் பட்டாலே பழுப்பாகிவிடும். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் துவண்டுவிடும், கோட்டில் குத்த லாயக்கில்லை. லில்லியின் மகரந்தம் பட்டில் பட்டால் போகவே போகாது, அதை வெட்டி எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். சின்ன ரோஜா, கார்னேஷன், டென்ட்ரோபியம் ஆர்க்கிட் மூன்றும் நாள் முழுக்கத் தாங்கும். உங்களுக்கு மல்லிகை வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஸ்டெஃபனோடிஸ் என்று கேளுங்கள். மடகாஸ்கரைச் சேர்ந்த கொடிப் பூ, மல்லிகை இனமில்லை, ஆனால் அதே வெண்மை, நல்ல வாசனை. அமெரிக்கக் கல்யாணப் பொக்கேகளில் வெகுகாலமாக இடம்பெறும் பூ அது, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

நிறம், வகை விஷயத்தில் நம்மவர்களுக்குத் தெரியாத இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று சாமந்தி. நமக்கு அது மங்கலம், பூஜைக்கும் வாசல் தோரணத்துக்கும் உரியது. ஆனால் பிரான்ஸ், இத்தாலி, போலந்து போன்ற நாடுகளில் அது கல்லறைப் பூ, நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைத்து வைப்பது. பெண் வீட்டார் பூர்வீகம் அந்தப் பக்கம் என்றால், அதுவும் நியூ ஜெர்சியில் இத்தாலியப் பூர்வீகக் குடும்பங்கள் நிறைய, பாட்டியின் கோர்சாஜில் வெள்ளைச் சாமந்தி வேண்டாம். இன்னொன்று வெள்ளைக் கார்னேஷன். 1908 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் சர்ச்சில் அன்னையர் தின ஆராதனை நடந்தபோது, அன்னையர் தினத்தைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ் தன் தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன்களை 500 அனுப்பி வைத்தார். பிற்பாடு, தாய் உயிரோடிருப்பவர்கள் அன்றைக்குச் சிவப்போ இளஞ்சிவப்போ, தாயை இழந்தவர்கள் வெள்ளையோ அணிவது என்று ஒரு வழக்கம் வந்தது. கல்யாணத்துக்கு இது தடை ஒன்றுமில்லை, வெள்ளைக் கார்னேஷன் குத்திய மாப்பிள்ளைத் தோழர்கள் ஏராளம். வயதான பாட்டிக்கு மட்டும் வேறு நிறம் கேட்டால் பாதுகாப்பு.

மறைந்துபோன தாத்தா பாட்டியை எப்படிச் சேர்ப்பது என்றால், முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு அதில் ஒரு பூவை வைப்பது அங்கே பலரும் செய்வது. விருப்பமிருந்தால் பெண்ணின் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய நாள் நடைமுறையில் ஒரு ஆளைப் பொறுப்பாக நியமியுங்கள், இல்லையென்றால் கடைசி நேரத்தில் யாருடைய பூ எது என்று அடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பூவிலும் பெயர்ச் சீட்டு ஒட்டித் தரும்படி கடையில் சொல்லலாம். மாப்பிள்ளை வேறு இடத்தில் தயாராகிறார் என்றால் அவர் தரப்புப் பூக்கள் அந்த விலாசத்துக்குத்தான் வர வேண்டும். சடங்குக்கு முன்பே போட்டோ எடுப்பார்கள், அதற்கு முன் எல்லோரும் குத்தி முடித்திருக்க வேண்டும். முந்தின நாளே பூ வந்துவிட்டால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் ஆப்பிளும் வாழைப்பழமும் இருக்கிற ஃப்ரிட்ஜில் வேண்டாம். பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனையும் ஆர்க்கிடையும் சீக்கிரம் வாட்டிவிடும். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு பூட்டனியர் கூடுதலாகச் சொல்லுங்கள். சர்ச் வாசலில் ஐம்பது பேர் கட்டிப்பிடித்த பிறகு முதல் பூ நசுங்கித்தான் இருக்கும், ரிசப்ஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். மோதிரம் கொண்டுவரும் பையன் மிகச் சிறியவன் என்றால் நீண்ட பின் வேண்டாம், சேஃப்டி பின் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஆக, நீங்கள் அனுப்ப வேண்டிய பட்டியல் இப்படி இருக்கும். மகனுக்கு இரண்டு, உங்கள் கணவருக்கு ஒன்று, தாத்தாக்களுக்கு ஒவ்வொன்று, உங்கள் பக்கத்துத் தோழர்களுக்கும் அஷர்களுக்கும் ஒவ்வொன்று, தாய்மாமனுக்கு ஒன்று, எல்லாம் பூட்டனியர். உங்களுக்கும் பாட்டிகளுக்கும் மணிக்கட்டு கோர்சாஜ். பெயருக்குப் பக்கத்திலேயே உறவையும், யார் கோட், யார் வேட்டி சட்டை, யார் புடவை என்பதையும் எழுதுங்கள். புடவையின் நிறம் தெரிய ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். ராமர் பச்சை, அரக்கு என்றெல்லாம் எழுதினால் அந்தக் கடைக்காரருக்குப் புரியாது.